பயணச்சீட்டுப் பதிவுக்கு ஃபயர்பாக்ஸ்: ஒரு மதிப்புரை

உலாவிகளை மதிப்பிடுவோர் பெரும்பாலும் வேகத்தையும் நினைவகப் பயன்பாட்டையும் அளந்து பார்க்கிறார்கள். வீட்டிலுள்ள எல்லோருக்கும் ரயில், பேருந்து, விடுதி அறை ஆகியவற்றைக் கணினியிலேயே பதிவு செய்துவரும் எனக்கு அவ்விரண்டும் முக்கியமல்ல. இருக்கையைத் தேர்ந்து, பணம் செலுத்தி, வங்கியின் ஓ.டி.பி. பக்கத்தைக் கடந்து திரும்பும்போது சீட்டு கைக்கு வருகிறதா என்பதே நான் கேட்கும் கேள்வி. அந்த நோக்கில் மட்டுமே மொசில்லாவின் ஃபயர்பாக்ஸை இங்கே மதிப்பிடுகிறேன். இந்த வேலைக்கு அதை நம்பலாம் என்பது என் முடிவு. ஆனால் அதன் இயல்புகள் சிலவற்றை அறிந்திருந்தால்தான் அந்த நம்பிக்கை பலிக்கும்.

முதலில் அறிய வேண்டியது அதன் குக்கீ பாதுகாப்பு. குக்கீ என்பது நம்மை அடையாளம் காண ஒரு தளம் நம் உலாவியில் வைக்கும் சிறு தரவு. கணினிக்கான ஃபயர்பாக்ஸில் 2022 ஜூன் முதல் எல்லாப் பயனர்களுக்கும் இயல்பாகவே, ஒரு தளத்தில் உருவாகும் குக்கீகள் அந்தத் தளத்துக்குள்ளேயே அடைத்து வைக்கப்படுகின்றன. நம்மைத் தளம் தளமாகப் பின்தொடரும் விளம்பர நிறுவனங்களைத் தடுக்க இது மிகச் சிறந்த ஏற்பாடு. ஆனால் பதிவுத் தளங்கள் பல ஒரே இடத்திலிருந்து இயங்குவதில்லை: தேடல் பக்கம் பேருந்து நிறுவனத்தினுடையது, இருக்கை வரைபடம் மென்பொருள் வழங்கும் இன்னொரு நிறுவனத்தினுடையது, பணம் செலுத்தும் பக்கம் மூன்றாவது நிறுவனத்தினுடையது. ஆம்னி பேருந்துகளுக்குப் பதிவு செய்யும் ஒரு தளத்தில் லோயர் பெர்த், அப்பர் பெர்த் கட்டங்கள் தோன்ற வேண்டிய இடம் எனக்கு வெறும் வெள்ளையாகவே நின்றது. முகவரிப் பட்டையின் இடப்புறம் உள்ள கேடயச் சின்னத்தை அழுத்தி, அந்தத் தளத்துக்கு மட்டும் பாதுகாப்பைத் தளர்த்தியதும் வரைபடம் முழுமையாக வந்தது. அப்படித் தளர்த்தும்போது பக்கம் புதிதாக ஏற்றப்படும் என்பதால், பயணிகளின் பெயர், வயது விவரங்களை நிரப்பும் முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

திரும்பத் திரும்பத் தேடினால் கட்டணம் ஏறிவிடும் என்ற எண்ணத்தில் பலர், மூடியதும் குக்கீகளையும் தேடல் வரலாற்றையும் அழித்துவிடும் தனிப்பட்ட சாளரத்தில் பதிவு செய்கிறார்கள். ஃபயர்பாக்ஸின் தனிப்பட்ட சாளரம் வழக்கமான சாளரத்தைவிடக் கடுமையானது. பின்தொடரும் நிரல்கள் என்று பட்டியலிடப்பட்டவற்றை அது ஏற்றவே விடாது. பதிவுத் தளம் அத்தகைய நிரலைச் சார்ந்து எழுதப்பட்டிருந்தால், பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் எதுவும் நடக்காது. விலையைப் பார்க்க அந்தச் சாளரத்தைப் பயன்படுத்தலாம். பணம் செலுத்த அது வேண்டாம் என்பேன்.

இவற்றைக் கண்டு, குரோமில் எந்தத் தொல்லையும் இல்லையே என்று முடிவு கட்டுவது நியாயமாகாது. 2020 பிப்ரவரியில் குரோம் 80 வெளிவந்தபோது, எந்தச் சூழலில் அனுப்பப்பட வேண்டும் என்று தளம் குறிப்பிடாத குக்கீகளை, வேறு தளத்திலிருந்து படிவமாகத் திரும்பி வரும் கோரிக்கையோடு அனுப்பக் கூடாது என்ற விதியை கூகுள் கொண்டுவந்தது. வங்கிப் பக்கத்தில் ஓ.டி.பி. கொடுத்த பிறகு கட்டணத்தை வாங்கித் தரும் இடைநிலைச் சேவைகளான பேமென்ட் கேட்வேக்கள் பல நம்மைப் பதிவுத் தளத்துக்கு அனுப்புவது அதே முறையில்தான். விளைவாக, பழைய முறையில் எழுதப்பட்ட தளத்துக்கு நாம் யார் என்றே தெரியாமல் போகும். பணம் கணக்கிலிருந்து கழிந்திருக்கும், திரையிலோ உள்நுழைவுப் பக்கம் நிற்கும். உருவாகி இரண்டு நிமிடம் கடக்காத குக்கீகளுக்கு மட்டும் குரோம் விலக்கு அளித்திருந்ததால், சோதனை செய்பவர் உள்நுழைந்து விரைவாகப் பணத்தைச் செலுத்திவிட்டால் பிழை அவர் கண்ணில் படாது. கார்டு எண்ணை நிதானமாகத் தட்டி, ஓ.டி.பி.க்குக் காத்திருக்கும் முதியவரிடம்தான் அது வெளிப்படும். கொரோனா காலத்தில் முக்கியமான தளங்கள் முடங்கக் கூடாது என்று கூகுள் அந்த விதியை 2020 ஏப்ரலில் தற்காலிகமாகத் திரும்பப் பெற்று, ஜூலையில் மீண்டும் படிப்படியாகக் கொண்டுவந்தது. தன் வழக்கமான பதிப்பில் அதே விதியைப் புகுத்த ஃபயர்பாக்ஸ் அவசரப்படவில்லை. பதிவுத் தளங்களைப் பொறுத்தவரை அந்த நிதானம் பயனருக்கு நன்மையே செய்தது.

ஃபயர்பாக்ஸிடமே உள்ள குறைகளையும் சொல்ல வேண்டும். மாதத்தையும் ஆண்டையும் மட்டும் தேர்வு செய்வதற்கான உள்ளீட்டுப் பெட்டிக்குக் கணினிப் பதிப்பில் அது நாள்காட்டி காட்டுவதில்லை. வெறும் எழுத்துப் பெட்டியாகவே விட்டுவிடுகிறது. கார்டு காலாவதியாகும் மாதத்தை அப்படிக் கேட்கும் தளத்தில், ஆண்டை முதலில் எழுதுவதா மாதத்தையா என்று தெரியாமல் பயனர் தவிக்க நேரிடும். பணம் செலுத்தும் பக்கம் புதிய சாளரத்தில் திறக்கும் தளங்களில், பாப்-அப் தடுக்கப்பட்டதைச் சொல்லும் பட்டை மேலே தோன்றுகிறது. அவசரத்தில் இருப்பவர் அதைக் கவனிக்கத் தவறுவார். காலை 10 மணிக்கு ஏசி வகுப்புக்கும் 11 மணிக்கு ஏசி அல்லாத வகுப்புக்கும் தட்கல் திறக்கும் நாட்டில், இப்படி இழக்கும் சில விநாடிகள் காத்திருப்புப் பட்டியலில் கொண்டுபோய் விடும்.

மொசில்லா இந்தச் சிக்கல்களைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. முகவரிப் பட்டையில் about:compat என்று தட்டிப் பக்கத்தைத் திறந்தால், எந்தெந்தத் தளங்களுக்காக உலாவிக்குள்ளேயே ஒட்டுவேலை செய்யப்பட்டிருக்கிறது என்ற பட்டியலைக் காணலாம். தளத்தை எழுதியவர் செய்திருக்க வேண்டிய திருத்தத்தை உலாவியை எழுதுபவர் செய்கிறார் என்பதே இதன் பொருள். அந்த உழைப்பு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எட்ஜ், ஓபரா, பிரேவ், சாம்சங் இன்டர்நெட் ஆகிய உலாவிகள் எல்லாமே குரோமின் அடித்தளத்தில் இயங்குபவை. எனவே, "குரோமில் திறக்கவும்" என்று அறிவிப்பு ஒட்டிவிட்டால் போதும் என்று தளங்கள் நினைக்கின்றன. இந்த வழி எங்கே கொண்டுபோகும் என்பதைத் தென்கொரியா பார்த்துவிட்டது. அங்கே இணைய வங்கிச் சேவையும் கட்டணம் செலுத்துதலும் பல ஆண்டுகள் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்-எக்ஸ் என்ற நுட்பத்தையே நம்பியிருந்ததாலும், அது அந்நிறுவனத்தின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியில் மட்டுமே இயங்கியதாலும், அந்த உலாவி இல்லாதவர் ஒரு பொருளை வாங்குவதே பெரும்பாடாக இருந்தது. அந்த உலாவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று முடித்துக்கொண்டது. அரசு சேவைகளும் போக்குவரத்தும் ஒரே நிறுவனத்தின் உலாவிக்குக் கட்டுப்படும் நிலை நம் நாட்டில் வரக் கூடாது என்று உறுதியாக நினைப்பதால்தான், சிறு சங்கடங்கள் இருந்தும் ஃபயர்பாக்ஸை விடாமல் பயன்படுத்துகிறேன்.

ஆண்ட்ராய்டு கைபேசியில் இதே மதிப்பீடு பெரும்பாலும் பொருந்தும். ஐஃபோனில் பொருந்தாது, ஆப்பிளின் விதிப்படி நம் நாட்டில் அங்குள்ள ஃபயர்பாக்ஸும் சஃபாரி உலாவியின் அடித்தளமான வெப்கிட்டையே பயன்படுத்துவதால், சஃபாரியில் திறக்காத பதிவுப் பக்கம் அதிலும் திறக்காது.

எந்த உலாவியில் பதிவு செய்தாலும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கணக்கில் பணம் கழிந்து, விற்பவரிடம் உறுதிப்படுத்தல் சேராமல் போனால், ஐந்து நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும் என்றும், அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை கூறுகிறது. இணையவழி கார்டு கட்டணத்துக்கும் யு.பி.ஐ. வழியாக வணிகருக்குச் செலுத்துவதற்கும் இது பொருந்தும். ஆகவே திரை வெள்ளையாக நின்றால் உடனே மீண்டும் பணம் செலுத்தாமல், வங்கிக் குறுஞ்செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, தளத்தின் "என் பதிவுகள்" பக்கத்தில் சீட்டு பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.