டைனிங் டேபிளில் டேபிள் டென்னிஸ்: சுருள் வலை செட் வாங்கலாமா?

மேசையின் இரு ஓரங்களைக் கவ்விக்கொள்ளும் சுருள் வலை ஒன்று, மட்டை இரண்டு, பந்து மூன்று, எல்லாவற்றையும் போட்டு வைக்க ஒரு பை. ஆன்லைன் கடைகளில் 'போர்ட்டபிள் டேபிள் டென்னிஸ் செட்' என்று பல பெயர்களில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். பெட்டியின் படமும் பையின் நிறமும் மாறும், உள்ளே இருக்கும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. அதனால் இந்த மதிப்புரை ஒரு பிராண்டைப் பற்றியது அல்ல, இந்த வகையைப் பற்றியது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வலை நல்ல சரக்கு. மட்டை பரவாயில்லை. பந்தை நம்பி ஆட்டத்தைத் தொடங்காதீர்கள். இந்த மூன்றையும்விட, உங்கள் வீட்டு மேசை இதற்குத் தோதானதா என்பதுதான் பெரிய கேள்வி.

போட்டிக்கான மேசை 2.74 மீட்டர் நீளம், 1.525 மீட்டர் அகலம், 76 செ.மீ. உயரம். நம் வீட்டு டைனிங் டேபிள்களும் 75 செ.மீ. அளவில்தான் நிற்கின்றன, ஆகவே உயரத்தில் பிரச்சினை இல்லை. நான்கு பேர் உட்காரும் 4 அடிக்கு 2½ அடி மேசை, போட்டி மேசையின் நீள அகலங்களில் ஏறக்குறைய பாதி. ஆறு பேர் உட்காரும் 5 அடிக்கு 3 அடி மேசை இன்னும் வசதி. வட்ட மேசையில் இந்த வலை நிற்காது. இந்த ஆட்டமே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து வீடுகளில் சாப்பாட்டு மேசை மீதுதான் தொடங்கியது, அப்போது புத்தகங்களை வரிசையாக நிறுத்தி வலையாக வைத்துக்கொண்டார்கள். டைனிங் டேபிளில் ஆடுவதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை.

வாங்குவதற்கு முன் மேசைக்கு அடியில் கைவிட்டுப் பாருங்கள். மேல்பலகைக்குக் கீழே நான்கு புறமும் ஓடும் மரச்சட்டம் ஓரத்திலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறது? வலையின் முனையில் மேசையைக் கவ்வும் கிளாம்பின் கீழ்த்தாடை பிடிக்க 4, 5 செ.மீ. இடம் வேண்டும். சட்டம் ஓரத்தோடு ஒட்டி இருந்தால் கிளாம்ப் நுனியில் மட்டும் தொத்திக்கொண்டு நிற்கும், வலையை இழுத்துக் கட்டியதும் வழுக்கி வெளியே வந்துவிடும். 'கிளாம்ப் சரியில்லை' என்று வரும் புகார்களில் பல, சட்டம் இடிப்பதால் வருபவை. பலகையின் கனம் 2 முதல் 4 செ.மீ. வரை இருந்தால் பெரும்பாலான கிளாம்புகள் உறுதியாகப் பிடிக்கும்.

கிரானைட், மார்பிள் மேசைகளில் ஓரத்தை உருட்டி பாலிஷ் போட்டிருப்பார்கள். அதில் கிளாம்பின் ரப்பர் நழுவும். பழைய சைக்கிள் டியூபை இரண்டு அங்குல அகலத்தில் வெட்டி இடையில் கொடுத்தால் பிடிப்பு வந்துவிடும். கண்ணாடி மேசையில் இதைப் போடவே கூடாது. டஃபன்ட் (கடினப்படுத்திய) கண்ணாடி நடுவில் எவ்வளவு பலமாக இருந்தாலும் விளிம்பில்தான் பலவீனம். ஸ்பிரிங் கிளாம்ப் அழுத்துவதும், ஓடி வரும் பிள்ளை இடிப்பதும் அந்த விளிம்பில்தான். மரமேசை மேல் கண்ணாடி விரித்திருந்தாலும் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஆடுங்கள்.

அடுத்தது துள்ளல். போட்டி மேசைக்கு ஒரு விதி உண்டு: பந்தை 30 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால் சுமார் 23 செ.மீ. எழும்ப வேண்டும். பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்து இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நடுவில் ஒரு முறை, நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு முறை என்று போட்டுப் பாருங்கள். கெட்டியான தேக்குப் பலகை 20 செ.மீ.க்குக் குறையாமல் எழுப்பினால் தாராளமாக ஆடலாம். மெல்லிய பிளைவுட் மேசையில் சட்டத்துக்கு மேலே ஒரு துள்ளலும் நடுவில் ஒரு துள்ளலும் இருக்கும். பிளாஸ்டிக் விரிப்போ துணியோ இருந்தால் பந்து செத்துப் போகும், கட்டாயம் எடுத்துவிட வேண்டும்.

வலையின் உயரம் 15.25 செ.மீ. இருக்க வேண்டும். ஸ்கேல் கைக்கு எட்டாவிட்டால் மட்டையின் தலைப்பகுதியைப் பக்கவாட்டில் நிறுத்திப் பாருங்கள், அதன் அகலம் சுமார் 15 செ.மீ. இருக்கும். இரண்டு கம்பத்தருகிலும் உயரம் சரியாக இருந்து நடுவில் தொங்கினால் வலை போதுமான அளவு இழுபடவில்லை. 3 அடி அகல மேசையில் இந்தத் தொய்வு அநேகமாக வராது, ஆறடிக்கு இழுக்கும்போதுதான் தெரியும்.

சுருளுக்குள் இருப்பது ஒரு பட்டைச் சுருள்வில். இழுத்ததும் வலை வெளியே வரும், விட்டால் உள்ளே ஓடும். பிள்ளைகளுக்கு அதைப் படாரென்று விடுவதில் ஒரு குஷி. அதில்தான் வலை கோணலாகச் சுருண்டு சிக்குகிறது, முனையிலுள்ள கிளாம்ப் வந்து விரலையும் பதம் பார்க்கும். சிக்கினால் ஸ்க்ரூவைக் கழற்றி உருளையைத் திறக்காதீர்கள், சுருள்வில் பாய்ந்து வெளியே வந்தால் திரும்ப அடைப்பது வீட்டில் நடக்காத காரியம். வலையை மெதுவாக முழுநீளத்துக்கும் இழுத்து, மேல் ஓரமும் கீழ் ஓரமும் சமமாக இருக்கும்படி இரு கைகளாலும் நீவி, கூடவே நடந்து உள்ளே விடுங்கள். எப்போதும் இப்படித்தான் மூட வேண்டும் என்று முதல் நாளே வீட்டில் சொல்லி வைத்தால் வலை நெடுநாள் உழைக்கும்.

இனி பந்து. விதிப்படியான பந்து 40 மி.மீ. விட்டமும் 2.7 கிராம் எடையும் கொண்டது. செட்டோடு வரும் பந்துகளில் பல முழு உருண்டையாக இருப்பதில்லை. வழவழப்பான தரையில் மெதுவாக உருட்டுங்கள், நேராகப் போகாமல் வளைந்து தள்ளாடினால் அது ஆட்டத்திலும் தாறுமாறாகத்தான் எழும்பும். ஆடத் தெரியாதவருக்கு, தன் கை பிசகியதா பந்து பிசகியதா என்பதே புரியாமல் அலுப்புத் தட்டிவிடும். ஸ்டாக், ஜிகேஐ போன்ற இந்திய நிறுவனங்களின் பயிற்சிப் பந்துகளில் அரை டஜன் தனியாக வாங்கிவிடுங்கள். வெள்ளைச் சுவர் உள்ள வீட்டில் ஆரஞ்சு நிறமே வாங்குங்கள், ட்யூப்லைட் வெளிச்சத்தில் வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தப்பிவிடும். பள்ளம் விழுந்த பந்தைக் கொதித்து இறக்கிய நீரில் கரண்டியால் அமுக்கிப் பிடித்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து பள்ளத்தை வெளியே தள்ளும். கீறல் விட்ட பந்துக்கு இது உதவாது. நெருப்பில் காட்டும் வேலை மட்டும் வேண்டாம். பழைய செல்லுலாய்ட் பந்தாக இருந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

மட்டையில் பார்க்க வேண்டியது ரப்பரின் ஓரம். பசை விட்டு எழும்பியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். ரப்பருக்கு அடியிலுள்ள ஸ்பாஞ்ச் மெல்லியதாக இருப்பதால் பந்து வேகமாகப் பாயாது. குட்டை மேசைக்கு அதுதான் நல்லது. டேபிள் டென்னிஸ் வீரர்கள் சரத் கமல், சத்தியன் ஆட்டங்களைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை பந்தைச் சுழற்றி அடிக்கப் பார்க்கும். இந்த ரப்பரில் அவ்வளவு சுழற்சி வராது, அதற்கு மட்டையை மாற்ற வேண்டும். எண்ணெய்க் கை பட்ட ரப்பர் பிடிப்பை இழந்துவிடும். ஆடி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். மேசையிலும் அப்படித்தான், சாம்பார் சிந்திய இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைக்காமல் ஆடினால் அந்த எண்ணெய் பந்தில் ஏறி மட்டைக்குப் போகும்.

இடம்: மேசையின் இரு முனைகளுக்குப் பின்னாலும் குறைந்தது 4 அடி, பக்கவாட்டில் இரண்டரை அடி. நாற்காலிகளை வேறு அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். சோபா, ஃபிரிட்ஜ் ஆகியவற்றின் அடிப்பகுதியைத் தலையணைகளால் அடைத்துவிட்டால் பந்து தேடும் நேரம் பெருமளவு மிச்சம். ஃபேன் ஓடினால் 2.7 கிராம் பந்து நினைத்த இடத்தில் விழாது, நிறுத்தியே ஆக வேண்டும். அதனால் சென்னை வெயிலில் காலை ஏழு மணிக்கு முன்போ இரவிலோதான் சௌகரியம். வழவழப்பு டைல்ஸ் தரையில் சாக்ஸோடு ஆடக் கூடாது. வெறுங்காலே மேல், வியர்வை சொட்டிய இடத்தை அவ்வப்போது துடையுங்கள். அடுக்குமாடி வீடுகளில் கீழ்வீட்டுக்காரருக்குப் பந்தின் சத்தத்தைவிட மேசைக்கால் இழுபடும் சத்தமே தொல்லை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ரப்பர் புஷ்ஷைக் கால்களில் மாட்டிவிடுங்கள், மேசையும் நகராது.

உடற்பயிற்சியாக இது எவ்வளவு தேறும்? 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் மிதமானது முதல் கடுமையானது வரையான உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாதாரணமாக இருவர் நின்று தட்டிக்கொண்டிருந்தால், அதிலும் புதியவர்கள் என்றால், பாதி நேரம் பந்து பொறுக்கவே போய்விடும். இந்த செட்டின் முழுப் பயனும் சுற்றி ஓடும் ஆட்டத்தில்தான் கிடைக்கிறது. நான்கு பேர், முனைக்கு இருவராக நில்லுங்கள். மட்டை நான்கு வேண்டும், கூடுதலாக இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். முன்னால் இருப்பவர் பந்தை அடித்ததும் தன் வலப்பக்கமாக ஓடி எதிர்முனையின் வரிசையில் சேர வேண்டும். எல்லோரும் வலப்பக்கமாகவே ஓடினால் மோதல் வராது. ஒவ்வோர் அடிக்கும் சுமார் 3 மீட்டர் ஓட்டம், தவறவிட்டால் ஓர் உயிர் போச்சு, ஆளுக்கு மூன்று உயிர். இருவர் மிஞ்சும்போது ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஐந்து புள்ளி ஆட்டமாக முடித்துக்கொள்ளலாம். வேகமான நடையில் மூச்சு வாங்குவதுபோல் இதிலும் சில நிமிடங்களில் மூச்சு வாங்கும்.

குட்டை மேசையில் 15 செ.மீ. வலை சிறியவர்களுக்கு உயரம்தான். விதிப்படி சர்வீஸ் முதலில் தன் பக்கம் துள்ளிப் பிறகு எதிர்ப்பக்கம் போக வேண்டும். எட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நேராக எதிர்ப்பக்கம் போட்டாலே செல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு மேசை மார்பளவு உயரம் இருக்கும். ஸ்டூல் மேல் நிற்க வைக்காதீர்கள், பந்துக்காகத் தாவினால் விழுவது நிச்சயம். அதே வலையை டீப்பாயில் மாட்டி, பந்துக்குப் பதில் சின்ன பலூன் கொடுங்கள். தாத்தா பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடி பேரப்பிள்ளையோடு 'விடாமல் இருபது' ஆடலாம்: ஜெயிப்பதற்கு அல்ல, இருவரும் சேர்ந்து பந்தை விழவிடாமல் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு. குனிந்து பந்தெடுக்கும் வேலையைப் பேரப்பிள்ளையிடம் விட்டுவிடுங்கள், அவர்களுக்கு அதுவே நல்ல பயிற்சி.

கண்ணாடி மேசை, வட்ட மேசை, சுவரோடு ஒட்டிய மடக்கு மேசை உள்ளவர்கள் இந்த செட்டை வாங்க வேண்டாம். மற்றவர்கள் முடிந்தால் வலையை மட்டும் தனியாக வாங்குங்கள். பந்தும் மட்டையும் விளையாட்டுச் சாமான் கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். ஆன்லைனில் வந்த செட்டானால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வலையை முழுநீளத்துக்கும் இழுத்து மேசையில் மாட்டி ஒரு மணி நேரம் அப்படியே விட்டு வையுங்கள். கிளாம்ப் நழுவுவதும் ஸ்பிரிங் தளர்வதும் அதற்குள் தெரிந்துவிடும்.