எஃப்னா ஃபாஸ்ட்டாம்! 31,500 ரூபாய்க்கு "நோ சிக்னல்"

சென்னை ரிச்சி தெருவுக்கு கம்ப்யூட்டர் வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுக் கிளம்புங்க. எப்படிப் பார்த்து வாங்கணும்னு கடைசியில சொல்றேன்.

செங்கல்பட்டுல சின்னதா டிடிபி கடை வச்சிருக்கேன். 2009ல வாங்கின கம்ப்யூட்டர்: ஜி41 மதர்போர்டு, கோர் 2 டியோ பிராசசர். இத்தனை வருஷமும் கல்யாணப் பத்திரிகையா அடிச்சுத் தள்ளுச்சு. மானிட்டருக்குப் படம் அனுப்புற கிராபிக்ஸ் கார்டுன்னு தனியா ஒண்ணு அதுல இருந்ததே இல்ல. போர்டுலயே விஜிஏ ஓட்டை, மானிட்டர் கேபிளைச் சொருகினா டிஸ்ப்ளே. போன வாரம் உயிரை விட்டுருச்சு.

சனிக்கிழமை போனேன். கடைப் பேரு வேணாம், மாடியில இருக்கிற அசெம்பிளிங் கடை. ஓனர் தன்மையாப் பேசினார், டீ வரவழைச்சார். "ஐ5 12ஆவது ஜெனரேஷன், எச்610 போர்டு, 16 ஜிபி ரேம், 31,500. உங்க வேலைக்கு இதெல்லாம் யானை சார்." நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "கிராபிக்ஸ் போர்டுலயே வந்துருமா?" கேபினெட்டைத் திருப்பி, பின்னாடி இருந்த எச்டிஎம்ஐ ஓட்டையை விரலால தட்டினார். "இதோ இருக்கே சார்." பில்லுல பிராசசர் பேரு 12400எஃப்னு இருந்துச்சு. எஃப்னா என்னன்னு கேட்டேன். "ஃபாஸ்ட் சார்."

ஓட விட்டும் காட்டினாங்க. கேபிள் அந்த ஓட்டையில இல்ல, அதுக்குக் கீழ எங்கேயோ போச்சு. அப்புறம் கடைப் பையன் பக்கவாட்டு மூடியைக் கழட்டி எதையோ உருவி டிராயர்ல போட்டான். பக்கத்துல நின்னு பார்த்துட்டுத்தான் இருந்தேன்! அது டெஸ்டுக்கு மட்டும் போடுற அவங்க கிராபிக்ஸ் கார்டுன்னு அப்ப எனக்குத் தெரியல. 31,500ஐயும் அங்கயே அனுப்பிட்டு, மின்சார ரயில்ல மடியில வச்சுக் கொண்டு வந்தேன்.

வீட்டுல ஃபேன் சுத்துது, லைட் எரியுது, மானிட்டர்ல "நோ சிக்னல்".

போன் பண்ணா, கேபிளை மாத்துங்க சார். மாத்தினேன். மானிட்டர் பழசா இருக்கும் சார். பக்கத்துக் கடை மானிட்டரை வாங்கிப் போட்டேன். அப்புறம் பையன்தான் எடுத்தான், ஓனர் வெளிய போயிருக்காராம். திங்கட்கிழமை நேர்ல போய் நின்னா, "எஃப் மாடலுக்குத் தனி கார்டு போட்டே ஆகணும், எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே? 4,500 குடுங்க, போட்டுத் தர்றேன்." பிராசசரை மாத்திக் குடுங்கன்னேன். "பாக்ஸ் பிரிச்சாச்சு சார்." பிரிச்சது யாரு?

எல்லாருக்கும் தெரிஞ்சது எனக்கு நேத்து ராத்திரி தங்கச்சி பையன் சொல்லித்தான் தெரிஞ்சது. என் பழைய போர்டுல கிராபிக்ஸ் இருந்தது பிராசசருக்கு வெளிய, போர்டு மேலயே இருந்த நார்த்பிரிட்ஜ்ங்கிற சிப்புல. அதுக்கு ரேம்ல இருந்துதான் மெமரி. ரேமைப் பார்த்துக்கிற வேலை பிராசசருக்குள்ள போனதும் கிராபிக்ஸும் பின்னாலேயே போயிடுச்சு. 2010ல இன்டெல் அதைப் பிராசசர் மூடிக்குள்ள வச்சான், 2011ல வந்த சாண்டி பிரிட்ஜ் பிராசசர்ல ரெண்டும் ஒரே சில்லு. இப்ப போர்டுல இருக்கிற எச்டிஎம்ஐ வெறும் வாசல், ஆள் இருக்கிறது பிராசசருக்குள்ள. 2019ல இருந்து வர்ற எஃப் மாடல்ல அந்த ஆளே கிடையாது. எஃப் இல்லாத 12400 வாங்கியிருந்தா என் 31,500 இப்படி மூலையில குந்தியிருக்காது.

சரி, நேரமில்ல. இன்டெல்லுல எஃப் எழுத்து இருந்தா, கார்டு இல்லாம தொடாதீங்க. ஏஎம்டி கம்பெனியோட ரைசன் 5 5600ம் அப்படித்தான், 5600ஜி வேற, அதுல கிராபிக்ஸ் உள்ளயே இருக்கு. டெஸ்ட் பண்றப்ப கேபிள் எந்த ஓட்டையில போகுதுன்னு குனிஞ்சு பாருங்க. டீ குடிக்காதீங்க.

பழைய ஹார்ட் டிஸ்க்ல மூணு பத்திரிகை மாட்டியிருக்கு, வெள்ளிக்கிழமை டெலிவரி. கார்டு வாங்கத்தான் கிளம்புறேன், வேற கடைக்கு.