விறாந்தையா, பல்கனியா, ஹோலா? ஸ்பானியல் குட்டிக்குக் கொழும்பு வீட்டில் எது இடம்

நாய்க்குட்டி வரப்போகிறது என்றதும் நம் வீடுகளில் முதல் வாக்குவாதம் இடத்தைப் பற்றித்தான். வெளியே கட்டுவதா, உள்ளே விடுவதா? அம்மம்மா இருக்கும் வீடென்றால் சாமியறையும் கணக்கில் வரும். என் தங்கை வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். மாமாவுக்குத் தெஹிவளையில் சின்ன முற்றத்தோடு தனி வீடு. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு கொக்கர் ஸ்பானியல் குட்டிகள் இந்த இரண்டு வீட்டுக்கும் வருகின்றன. இருவரும் என்னிடம் யோசனை கேட்டதால், தெரிவுகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கிறேன்.

மாமாவின் விருப்பம் விறாந்தையோரம், கார் நிற்கும் இடத்தில் ஒரு கம்பிக் கூடு. அவர் முன்பு வளர்த்த அல்சேஷன் அங்கேதான் வளர்ந்தது. அதில் நன்மை இல்லாமல் இல்லை. காற்றோட்டம் உண்டு, வீட்டுக்குள் நாய்மணம் வராது, கழுவிவிடுவதும் சுலபம். ஆனால் ஸ்பானியல் காவலுக்கு வளர்த்தெடுத்த இனம் அல்ல. வேட்டைக்காரனின் காலடியில் ஓடி, பற்றைக்குள் நுழைந்து பறவையைக் கிளப்புவதும், சுட்டு விழுத்தியதைக் கவ்விக்கொண்டு வந்து கையில் கொடுப்பதும்தான் தலைமுறை தலைமுறையாக அதன் வேலை. ஆட்களை விட்டுத் தள்ளி வைத்தால் அது வாடிப்போகும். ஓயாமல் குரைக்கும், கூட்டைக் கடிக்கும். இன்னொன்று, கேற்றுக்கு வெளியே தெருநாய்கள், வடிகானில் எலிகள். உண்ணியும் எலிக்காய்ச்சலும் வருவது இந்த வழியால்தான்.

தங்கைக்குப் பல்கனி போதும் என்ற எண்ணம். அவளுடையது கடலைப் பார்த்த மேற்குப் பல்கனி. மத்தியானம் திரும்பியதும் வெயில் நேரே அடிக்கும். நாய் உடற்சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த ஈரம் எளிதில் ஆவியாவதில்லை. அதைவிடப் பயம் கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளி. இரண்டு மாதக் குட்டியின் தலை எதற்குள் போகிறதோ, உடம்பும் அதற்குள் போய்விடும். வலை அடித்துவிட்டு, பின்னேரம் கொஞ்ச நேரம் கூடவே நின்று விளையாடலாம். வாழும் இடமாகப் பல்கனியை நான் எந்த வீட்டுக்கும் சொல்லமாட்டேன்.

ஆகவே இரண்டு வீட்டிலும் ஹோல்தான் என் தெரிவு, ஆட்கள் இருந்து எழும்பும் இடத்தின் ஒரு மூலை. சாமியறை வாசலுக்குக் குழந்தைகளுக்குப் போடும் சின்னக் கேற் ஒன்று பூட்டினால் அம்மம்மாவுக்கும் நிம்மதி. குசினிக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும்.

ஹோலுக்குள் எப்படி வைப்பது என்பதில் மூன்று போட்டியாளர்கள்: சங்கிலி, மூடும் கூடு, மடக்கக்கூடிய சுற்றுவேலி. சங்கிலியை முதலிலேயே ஒதுக்குங்கள். கதிரைக் காலில் சுற்றிக்கொண்டு கழுத்து இறுகும்; குட்டிக்குப் பயத்தைத் தவிர வேறொன்றையும் அது பழக்காது. கூட்டின் பெரிய பலம், தான் படுக்கும் இடத்தை நாய் அசுத்தப்படுத்த விரும்பாது என்பது. வளர்ந்த கொக்கர் ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் உயரமும் 13, 14 கிலோ எடையும் வரும். 30 அங்குலக் கூடு ஒன்றை வாங்கி, இப்போதைக்கு நடுவில் தடுப்பு வைத்துச் சிறிதாக்கிக் கொள்ளலாம். பலவீனம் நேரம். இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. தங்கையும் அத்தானும் வேலைக்குப் போகும் வீட்டில், பகல் முழுக்கக் கூட்டை மூடி வைப்பது கொடுமை. அவர்களுக்குச் சுற்றுவேலி, அதற்குள் கதவு திறந்தபடி கூடு, எதிர் மூலையில் பேப்பர். மத்தியானம் ஒருவர் வந்து பார்த்தே ஆகவேண்டும். மாமி நாள் முழுக்க வீட்டில் இருப்பதால் மாமா வீட்டுக்குக் கூடு மட்டும் போதும்.

தரையைப் பலர் யோசிப்பதே இல்லை. நம் வீடுகளில் பளபளக்கும் டைல்ஸ். ஓடும் குட்டிக்குக் கால் சறுக்கிச் சறுக்கி விரியும். வளரும் இடுப்பு மூட்டுக்கு அது நல்லதல்ல, கொக்கருக்கு இடுப்புக் கோளாறு வரக்கூடியதும்கூட. கம்பளம் விரித்தால் சறுக்காது, ஆனால் உண்ணிக்கு அதைவிட நல்ல ஒளிப்பிடம் கிடையாது. நம் நாய்களில் ஏறும் பழுப்பு உண்ணி, முட்டை முதல் முதிர்ச்சி வரை வீட்டுக்குள்ளேயே வாழக்கூடியது. சுவரில் ஏறும், வெடிப்புக்குள் முட்டையிடும். தும்புக் கால்மிதியைக் குட்டி பிய்த்துத் தின்னும். அடியில் ரப்பர் பிடித்த மெல்லிய பருத்தி விரிப்புத்தான் மூன்றிலும் மேல். உதறலாம், வாராவாரம் தோய்க்கலாம்.

படுக்கையும் அப்படியே. கடையில் விற்கும் பஞ்சு மெத்தை அழகு, ஆனால் மழைக்காலத்தில் காயாது. பலகைப் பெட்டியின் இடுக்குகள் உண்ணிக்கு வீடு. ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் மாறி மாறிப் போட நாலு பழைய சாரமும் அவற்றைவிட எவ்வளவோ நல்லது.

கழிப்புப் பழக்கத்தில் தெருவா, பேப்பரா என்ற கேள்விக்குத் தடுப்பூசி அட்டைதான் பதில் சொல்லும். குட்டிகளுக்கு உயிராபத்தான வாந்தியும் வயிற்றோட்டமும் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் ஊசிகள் பதினாறு வாரமளவில்தான் முடிகின்றன. அதுவரை தெருநாய் நடமாடும் ஒழுங்கையில் குட்டியை இறக்காதீர்கள்; தூக்கிக்கொண்டு போய்க் காலி வீதிச் சத்தத்தையும் ஓட்டோவையும் ரயிலையும் காட்டுங்கள். அந்த வயதில் பார்த்துப் பழகாதவை பிறகு பயமாகிவிடும். மாமாவுக்கு மதில் சூழ்ந்த முற்றம் இருப்பதால், வேறு நாய் நுழையாதென்றால், முதல் நாளிலிருந்தே அங்கே பழக்கலாம். தங்கைக்குப் பேப்பர், பிறகு படிப்படியாகக் கீழே. ஈரப்பட்ட இடத்தை அமோனியா மணக்கும் திரவத்தால் துடைக்க வேண்டாம். சிறுநீர் மணம் போலவே இருப்பதால் குட்டி அதே இடத்துக்கு வரும். வினாகிரி கலந்த தண்ணீர் நல்லது. விசர்நாய் ஊசி மூன்று மாதமளவில் வரும். அதைத் தவறவிடவே கூடாது.

உண்ணிக்குப் பவுடரா, மருந்தா? பவுடரைக் குட்டி நக்கும், நீண்ட மயிருக்குள் அது சரியாக இறங்காது. பின்கழுத்தில் விடும் துளியோ வாயால் கொடுக்கும் மாத்திரையோ மேல். வயதும் எடையும் பார்த்து மிருக வைத்தியரே தெரிவு செய்யட்டும். மண்ணெண்ணெய் பூசும் பழைய கைவைத்தியம் தோலை எரித்துவிடும்.

கடிப்பதற்கு அகப்படுபவற்றில் செருப்பும் வயரும் எல்லாருக்கும் தெரியும். உலர்திராட்சை, சொக்லேற், வெங்காயம், பரசிற்றமோல், எலிப்பாஷாணம், முற்றத்து அலரி ஆகியவையும் அதன் வாய்க்கு எட்டக்கூடாது. வாயில் எதையாவது கவ்விக்கொண்டு ஓடினால் துரத்திப் பறிக்காமல், வேறொன்றைக் கொடுத்து மாற்றி வாங்குங்கள். பறித்துப் பழக்கிய ஸ்பானியல் பொருளைக் காத்து உறுமத் தொடங்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதால் இதை அவர்களிடம் இரண்டு முறை சொன்னேன்.

கடைசியாகத் தண்ணீர்க் கிண்ணம். அகன்ற எவர்சில்வர் தட்டு மலிவு, ஆனால் குனிந்து குடிக்கும்போது தொங்கும் காது இரண்டும் நனையும். காற்றுப்படாத காதுக்குள் ஈரம் தங்கினால், இந்தப் புழுக்கத்தில் புண்ணும் நாற்றமும் சீக்கிரம் வரும். வாய் குறுகிய, உயரமான கிண்ணம் விலை கொஞ்சம் கூட. அதைத்தான் இரண்டு வீட்டுக்கும் வாங்கச் சொல்லியிருக்கிறேன். காதின் உட்பக்க மயிரைக் குட்டையாகக் கத்தரித்துவிடச் சொல்லியிருக்கிறேன், குளிக்க வார்த்த பிறகு பஞ்சால் ஒற்றி எடுக்கவும்.