டிரைக்கோகிரம்மா அட்டை: ஒரு பருவ அனுபவம்

நெல்லின் குருத்துப்பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் பைராலாய்டியா என்னும் பெருங்கூட்டத்தின் கிராம்பிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் முட்டைகளைத் தாக்கும் டிரைக்கோகிரம்மா குளவியை எந்த அரிசி அந்துப்பூச்சியின் முட்டையில் வளர்த்து அட்டையில் ஒட்டி விற்கிறார்களோ, அது அதே கூட்டத்தின் மற்றொரு குடும்பமான பைராலிடேயைச் சேர்ந்தது. வயிற்றின் அடியிலுள்ள செவியுறுப்பின் உறை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதே இவ்விரு குடும்பங்களையும் பிரித்தறியும் முக்கிய அடையாளம்.

நான் வாங்கிய முதல் இரண்டு அட்டைகள் மிகத் தரமானவை. கைவில்லையில் பார்த்தபோது, ஒட்டுண்ணியான குளவி உள்ளே வளர்வதன் அடையாளமாக முட்டைகள் கருமணலைப் போல நெருக்கமாகவும் ஒரே சீராகவும் கறுத்திருந்தன. மூன்றாவது அட்டை தாமதமாக வந்ததால், குளவிகள் உறைக்குள்ளேயே வெளிவந்து மடிந்துகிடந்தன; விற்பனையாளர் மாற்று அட்டை தரவில்லை என்பது வருத்தமளித்தது.

குருத்துப்பூச்சிக்கு ஜப்பானிக்கம், இலைச்சுருட்டுப் புழுவுக்கு கைலோனிஸ் என டிரைக்கோகிரம்மா குளவியின் இனம் வேறுபடுவதால், அட்டையில் இனப்பெயரும் குளவி வெளிவரும் நாளும் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். வெயில் தாழ்ந்தபின் அட்டையைச் சிறு துண்டுகளாக்கி இலையின் அடிப்புறத்தில் பொருத்தினேன். அந்நாட்களில் பூச்சிக்கொல்லி தெளிப்பதை அறவே தவிர்த்தேன். குருத்துப்பூச்சி தாக்கியதால் மணி பிடிக்காமல் வெளுத்துப்போகும் வெண்கதிர்கள் சென்ற பருவத்தைவிடக் கண்கூடாகக் குறைந்தன. அடுத்த நடவுக்கும் இதையே வாங்குவேன், ஆனால் நேரில் சென்று.