தார் பாலைவனத்தில் நிக்கான் எஃப்எம்2

ஃபிலிமில் படமெடுக்க விரும்புகிறவர்கள் எந்தப் பழைய கேமராவை வாங்கலாம் என்று கேட்டால், பெண்டாக்ஸ் கே1000 என்ற பெயர்தான் பெரும்பாலும் முதலில் சொல்லப்படும். அது நல்ல கேமரா, விலையும் ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால் ஜெய்சல்மேரைத் தாண்டி சாம், குரி மணற்குன்றுகள் வரை செல்லத் திட்டமிடுகிறவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது நிக்கான் எஃப்எம்2. தார் பாலைவனத்துக் குளிர்காலப் பயணங்களில் அதைத் தொடர்ந்து பயன்படுத்தி வருபவன் என்ற முறையில், இந்த விருப்பத்திற்கான காரணங்களையும் அந்தக் கேமராவிடம் நான் கண்ட குறைகளையும் எழுதுகிறேன்.

1982இல் வெளிவந்த எஃப்எம்2, முழுவதும் இயந்திர விசையால் இயங்கும், லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்க உதவும் 35 மி.மீ. எஸ்எல்ஆர் கேமரா. இதன் மேம்பட்ட வடிவம் 1984இல் வந்து 2001 வரை விற்பனையில் இருந்தது. லென்ஸ் இல்லாமல் எடை 540 கிராம். உள்ளே இருக்கும் இரண்டு பொத்தான் பேட்டரிகளும் ஒளியை அளக்கும் மீட்டருக்கு மட்டுமே பயன்படுகின்றன. அவை தீர்ந்துபோனாலும் எல்லா ஷட்டர் வேகங்களும் வழக்கம்போல இயங்கும். ஜனவரியில் பகலில் சட்டை நனைய வியர்த்து, இரவில் கம்பளி போதாமல் நடுங்க வைக்கும் ஓர் இடத்தில், குளிரில் பேட்டரி சோர்ந்துவிடுமோ என்ற கவலையின்றி விடியலுக்கு முன் குன்றின் மீது ஏறி நிற்க முடிவது சிறிய வசதி அல்ல.

இருந்தாலும், பேட்டரி இல்லாமல் இயங்கும் கேமராக்கள் வேறு பலவும் உண்டு, கே1000 அப்படிப்பட்டதுதான். எஃப்எம்2ஐ வேறுபடுத்துவது அதன் 1/4000 நொடி ஷட்டர் வேகம். பாலைவனத்தில் இதன் அருமையை ஒரு கணக்கின் மூலம் விளக்கலாம். நல்ல வெயிலில் அப்பர்ச்சரை (ஒளி நுழையும் லென்ஸ் துளை; எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும், முன்னும் பின்னும் உள்ளவை தெளிவாகும்) எஃப்16இல் வைத்து, ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு, அதாவது ஒளியுணர்திறன் எண்ணுக்கு, நெருக்கமான ஷட்டர் வேகத்தைத் தேர்வது பழைய படப்பிடிப்பாளர்களின் விதி. மணலிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சமும் சேரும்போது அப்பர்ச்சரை இன்னும் ஒரு படி குறைத்து (ஒரு படி என்பது ஒளியைப் பாதியாக்குவது அல்லது இரட்டிப்பாக்குவது) எஃப்22 வரை செல்ல வேண்டும். அதாவது ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு 1/500 நொடியும் எஃப்22ம். வேகத்தை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் அப்பர்ச்சரை ஒரு படி திறக்கலாம். 1/1000 நொடியோடு நின்றுவிடும் கேமராவில் இதற்கு மேல் திறக்கக்கூடிய எல்லை எஃப்16தான். அங்கே ஒட்டகக்காரரின் முகமும் தெளிவாக விழும், அவருக்குப் பின்னால் நிற்கும் ஜீப்புகளும் சுற்றுலாக் கூடாரங்களும் அதே தெளிவோடு விழும். எஃப்எம்2இல் 1/4000 நொடிக்குச் சென்றால் எஃப்8 கிடைக்கிறது. லென்ஸ் தன் சிறந்த கூர்மையைத் தரும் இடம் ஏறத்தாழ அதுவே, 105 மி.மீ. லென்ஸில் பின்னணியும் ஓரளவு மங்கி விலகி நிற்கும்.

இதற்கு எதற்காக ஐஎஸ்ஓ 400, நண்பகலில் 100 போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். போடலாம், ஆனால் மாலை ஐந்தரைக்குப் பிறகு அதே ஃபிலிமோடு தவிக்க நேரும், அப்போது சுருளை மாற்றுவதற்காகக் காற்று வீசும் மணல்மேட்டில் கேமராவின் முதுகைத் திறக்க வேண்டியிருக்கும். பாலைவனத்தில் ஃபிலிமுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. ஃபிலிமைப் பின்னாலிருந்து அழுத்திப் பிடிக்கும் தகட்டில் ஒரே ஒரு மணல் துகள் ஒட்டிக்கொண்டால் போதும். அடுத்து நகரும் ஒவ்வொரு படத்திலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கீறல் விழும், அதைப் பின்னர் முழுமையாகச் சரிசெய்ய வழியில்லை. விடிகாலை முதல் அந்தி வரை ஒரே வகை ஃபிலிமை வைத்துக்கொண்டு, சுருள் முடிந்தால் மட்டும் அறைக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ மாற்றுவதற்கு வழி செய்வதனாலேயே 1/4000 நொடியை நான் இத்தனை மதிக்கிறேன்.

மீட்டரைப் பற்றியும் நல்ல சொல்லே சொல்ல வேண்டும். வ்யூஃபைண்டரின் வலப்புறம் கூட்டல், வட்டம், கழித்தல் என்று மூன்று சிவப்பு விளக்குகள். நடுப்பகுதிக்கு 60 விழுக்காடு முக்கியத்துவம் தந்து அளக்கும் முறை. மணற்பரப்பை நேராக அளந்தால் எந்த மீட்டரும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும், முகங்கள் இருண்டுவிடும். ஆகவே படமெடுக்கப்படுபவர் நிற்கும் அதே வெயிலில் என் உள்ளங்கையை நீட்டி அளந்து, அதைவிட ஒரு படி கூடுதல் ஒளி கொடுப்பது என் வழக்கம். தலைப்பாகையின் நிழல் கண்களை மறைக்கும் உச்சிப் பொழுதில் இன்னொரு வசதி கைகொடுக்கிறது: 1984க்குப் பிந்தைய வடிவம் 1/250 நொடி வரை ஃபிளாஷுடன் இசைந்து இயங்கும். நிழலைச் சற்றே நிரப்பும் அளவுக்குச் சிறிய ஃபிளாஷ் ஒன்றைப் பையில் வைத்திருந்தால் நண்பகலிலும் முகங்களை எடுக்கலாம்.

ஃபிலிமைப் பொறுத்தவரை வண்ணத்திற்குக் கோடாக் போர்ட்ரா 400, கறுப்பு வெள்ளைக்கு இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ் இரண்டும் என் தேர்வு. இரண்டுமே சற்று அதிக ஒளி விழுந்தாலும் பொறுத்துக்கொள்ளும். கறுப்பு வெள்ளைக்கு மஞ்சள் ஃபில்டர் மாட்டினால் நீல வானம் கறுத்து, குன்றின் விளிம்பு துலங்கும். மீட்டர் லென்ஸ் வழியாகவே அளப்பதால் தனிக்கணக்குத் தேவையில்லை. (கோடாக் தயாரித்த கோடாக்ரோம் என்ற வண்ண ஃபிலிமின் கடைசிச் சுருளை அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி 2010இல் படமெடுத்து முடித்தபோது, அதன் சில படங்களுக்காக ராஜஸ்தானின் ரபாரி மக்களிடம் வந்தார் என்பதை இந்த நிலத்தில் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.) வறண்ட குளிர்க்காற்றில் ஃபிலிமை வேகமாகச் சுற்றினால் நிலைமின் பொறி தோன்றி ஒளிக்கோடுகள் விழக்கூடும் என்பதால், நகர்த்தும்போதும் திரும்பச் சுற்றும்போதும் நிதானம் தேவை. விமானத்தில் செல்பவர்கள் ஃபிலிமைக் கைப்பையில் தனியாக எடுத்து, கையால் சோதிக்கும்படி கேட்டுப் பார்க்க வேண்டும். விமான நிலையங்களின் சிடி (CT) வகை எக்ஸ்ரே ஸ்கேனர்கள் கழுவாத ஃபிலிமைக் கெடுத்துவிடும். மன்னார்குடியிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஜோத்பூருக்கு நேரடி ரயில்கள் இருப்பதால், நேரம் உள்ளவர்கள் அந்தக் கவலையையே தவிர்க்கலாம்.

குறைகள் உண்டு. வ்யூஃபைண்டர் காட்டுவது படத்தின் 93 விழுக்காட்டை மட்டுமே. சட்டகத்தின் விளிம்புவரை எண்ணி அமைப்பவர்களுக்கு ஓரங்களில் எதிர்பாராத பொருள்கள் வந்து சேரும். கண்ணாடி அணிந்தவர்களுக்கு நான்கு மூலைகளும் ஒருசேரத் தெரிவது கடினம். கடும் வெயிலில் அந்தச் சிவப்பு விளக்குகளைக் காணக் கையால் நிழல் கட்ட வேண்டியிருக்கிறது. ஷட்டர் ஓசை பெரிது. மாங்கணியார் இசைக்கலைஞர்கள் பாடும்போது ஒவ்வொரு சொடுக்கும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. 1977க்கு முந்தைய, ஏஐ (AI, அப்பர்ச்சர் அளவைக் கேமராவுக்குத் தானாகத் தெரிவிக்கும் அமைப்பு) வகையல்லாத, நிக்கானின் நிக்கார் லென்ஸ்களை மாற்றியமைக்காமல் இதில் பொருத்தக் கூடாது. மணலுக்கும் ஈரத்துக்கும் எதிரான அடைப்புகள் எவையும் இதில் இல்லை என்பதால், படமெடுக்காத நேரமெல்லாம் இது மூடிய பைக்குள் இருந்தாக வேண்டும்.

வாங்கும்போது வரிசை எண்ணைப் பாருங்கள்: எண்ணுக்கு முன் ‘என்’ எழுத்து இருந்தால் அது 1984க்குப் பிந்தைய வடிவம். வேகச் சக்கரத்தில் ஃபிளாஷ் வேகம் 200 என்றிருந்தால் முதல் வடிவம். பாலைவனத்துக்கு அதுவும் போதும். லென்ஸைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, வெண்சுவரை நோக்கி அதிவேகங்களில் ஷட்டரை இயக்குங்கள். சட்டகத்தின் ஒரு பக்கம் இருண்டு தெரிந்தால் அந்தக் கேமராவை விட்டுவிடுங்கள். மிக மெல்லிய ஷட்டர் தகடுகளில் விரல் படவே கூடாது. கேமராவின் உள்ளே இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி மேலெழுந்து மோதும் இடத்திலும் பின்மூடியின் கீல் அருகிலும் உள்ள பஞ்சு பிசுபிசுத்திருந்தால் புறப்படுவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். வெப்பத்தில் அது இளகினால் மணலை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும். லென்ஸுக்கு 50 மி.மீ. எஃப்1.8 ஒன்றோடு தொடங்கலாம். அடுத்த செலவு 105 மி.மீ. எஃப்2.5ஆக இருக்கட்டும், இரண்டையும் களத்தில் மாற்றிக்கொண்டிராமல், எது வேண்டுமென்று காலையில் அறையிலேயே முடிவு செய்து மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.