கிளிப்பர்டனும் பல்மைராவும்: கைவிடப்பட்ட தீவு, காக்கப்பட்ட தீவு

பசிபிக் பெருங்கடலின் கிளிப்பர்டன், பல்மைரா ஆகிய இரண்டும் நிலையான குடிமக்கள் இல்லாத பவளத் தீவுகள். மனிதர் விட்டுச்சென்ற சேதத்தைத் தீவு தானே ஆற்றிக்கொள்ளுமா, நாம் மீண்டும் சென்று ஆற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு இவை எதிரெதிரான விடைகளைத் தருவதுபோல் தோன்றுகின்றன.

மெக்சிகோ கரையிலிருந்து 1,000 கி.மீ.க்கும் அப்பால், முற்றிலும் மூடிய காயலைச் சுற்றி மோதிரம்போல் கிடக்கிறது கிளிப்பர்டன். அதன் ஒரே உயரம் 29 மீட்டர் எரிமலைப் பாறை. பறவை எச்ச உரத்துக்காக வந்தவர்களுக்குப் பின் மெக்சிகோ இங்கே காவற்படையைக் குடியமர்த்தியது. 1914-இல் புரட்சியின் குழப்பத்தில் உணவுக் கப்பல்கள் நின்றுபோக, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் பலரைப் பலிகொண்டது; 1917 ஜூலையில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று வந்தபோது 4 பெண்களும் 7 குழந்தைகளும் மட்டுமே எஞ்சியிருந்தனர். தீவு யாருடையது என்று மெக்சிகோவுக்கும் பிரான்சுக்கும் இடையே எழுந்த வழக்கில் 1931-இல் இத்தாலிய மன்னர் பிரான்சுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

மனிதர் போனபின்பும் அவர்கள் கொண்டுவந்த பன்றிகள் நண்டுகளையும் முட்டைகளையும் தின்று தீர்த்தன. 1958-இல் அங்கு சென்ற பறவையியலாளர் ஒருவர் பன்றிகளைச் சுட்டு ஒழித்தார். அப்போது சில நூறாக இருந்த பூபிக் கடற்பறவைகள், அடுத்த அரை நூற்றாண்டுக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டின. இது நடந்த விதம் வியப்பூட்டுவது: பன்றிகள் இல்லாததால் பெருகிய செந்நிற நிலநண்டுகள் செடி கொடிகளை மேய்ந்து தரையை வெறுமையாக்க, வெட்டவெளியிலேயே முட்டையிடும் முகமூடிப் பூபிகளுக்கு அது ஏற்ற இடமாயிற்று. ஆனால் பின்னாளில் கப்பல் விபத்துகள் வழியாக எலிகள் வந்து சேர்ந்தன.

ஹவாய்க்குத் தெற்கே உள்ள பல்மைராவில் ஆண்டுக்கு 4,000 மி.மீ.க்கும் மேல் மழை கொட்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படை காயலைத் தூர்வாரி, ஓடுபாதை அமைத்தது. எலிகள் அந்த வழியில்தான் வந்தன. 2000-இல் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு தீவை விலைக்கு வாங்கியது. 2011-இல் எலிகள் முழுமையாக ஒழிக்கப்பட்டன. நம் லச்சகொட்டைக் கீரையின் பேரினமான பிசோனியா அங்கே காடாக வளர்கிறது. எலிகள் போனபின் நாட்டு மரக்கன்றுகள் பல மடங்கு பெருகின. எலி இரத்தத்தை நம்பியிருந்த ஆசியப் புலிக்கொசுவும் மறைந்துபோனது. அதை யாரும் திட்டமிடவில்லை.

இரண்டில் பல்மைராவின் வழியே சரியானது என்பது என் கருத்து. கிளிப்பர்டனின் பறவைகளும் தாமாக மீளவில்லை; துப்பாக்கியோடு ஒருவர் கரையேறியதால்தான் மீண்டன. பன்றிக்குச் செய்ததை எலிக்குச் செய்ய வேண்டிய கடமை இன்று பிரான்சுக்கு இருக்கிறது. பல்மைராவில் அது நடந்துமுடிந்த காரியம்.