கண்மாய் மேட்ச் சதமா, லீக் சதமா, எது பெரிது?

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் வற்றிய கண்மாய்க்குள் நடக்கும் டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆட்டத்தை 12 ஓவர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 72 பந்து, ஒருவருக்குப் பாதி கிடைத்தால் 36. அதில் நூறு அடிக்க ஸ்ட்ரைக் ரேட் (நூறு பந்துக்கு எத்தனை ரன் என்ற கணக்கு) 278 வேண்டும். தரை வெடித்துக் கிடப்பதால் உருட்டி அடித்தால் பந்து பவுண்டரி போய்ச் சேராது, தூக்கித்தான் ஆகணும். 16 சிக்ஸர், ஒரு ஃபோர், கணக்கு முடிந்தது. சொல்வது சுலபம்! அங்கே 60 அடித்தாலே பெரிய விஷயம்.

லெதர் பாலில் 50 ஓவர் லீக் வேறு கதை. ஓபனர் 150 பந்து ஆடினால் ஸ்ட்ரைக் ரேட் 67 போதும். ஆனால் 12 ஃபோர், 2 சிக்ஸர் போக மீதி 40 ரன் ஓடித்தான் வரும். எதிர்முனைக்காரருக்காக இன்னொரு 40. ஒரு ரன்னுக்கு ஓடும் தூரம், கிரீஸுக்குக் கிரீஸ், 17.68 மீட்டர். பேடு கட்டிக்கொண்டு மதுரை மே மாத வெயிலில் 1.4 கிலோமீட்டர். ஸ்கோர் எண்பதைத் தாண்டும்போது கெண்டைக்கால் பிடிக்கும், கால் நகராமல் கை மட்டும் டிரைவுக்குப் போகும், பந்து ஸ்லிப்பில் கேட்ச். தாகம் எடுக்கும் முன்பே உப்புப் போட்ட மோர் குடிக்கணும். மேட் விக்கெட் (பாய் விரித்து ஆணி அடித்த ஆடுகளம்) என்றால் ஆணி இறுக்கமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேட் தளர்ந்தால் பந்து நின்று வரும், டிரைவ் பவுலர் கைக்கே கேட்சாகப் போகும்.

அணித் தேர்வாளர் லீக் சதத்தைத்தான் மதிப்பார், அது நியாயமும்கூட. நூறோடு நிற்காதவர்களும் உண்டு: மாநில அணிகள் மோதும் 50 ஓவர் போட்டியான விஜய் ஹசாரே தொடரில், 2022-இல், தமிழ்நாட்டின் ஜெகதீசன் வரிசையாக அடித்த ஐந்தாவது சதம், 141 பந்தில் 277 வரை போனது.